அடுத்த அறையில் கம்ப்யூட்டர்

ஒயர்லெஸ் கீபோர்டு வாங்கினால் அட்டைப்பெட்டியின் ஓரத்தில் ‘10 மீட்டர்’ என்று அச்சிட்டிருப்பார்கள். நம் வீடுகளில் ஹால் சோபாவிலிருந்து உள்ளறை மேசைவரை அளந்தால் ஐந்தாறு மீட்டர் தேறினாலே அதிகம். அப்படியிருந்தும், சிபியு பெட்டியை உள்ளறையில் வைத்துவிட்டு, படத்தை மட்டும் ஹால் டிவிக்கு இழுத்து, மடியில் கீபோர்டோடு உட்கார்ந்தால் கோளாறு தொடங்கிவிடுகிறது. பத்து எழுத்து தட்டினால் எட்டுதான் போய்ச் சேர்கிறது. மவுஸ் அம்பு நொண்டுகிறது. சில நேரம் ஒரே ஒருமுறை தட்டிய எழுத்து திரை முழுக்க வரிசைகட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்தக் கடைசிக் கோளாறுதான் சுவாரசியமானது. விசையை அழுத்தும்போது கீபோர்டு ஒரு செய்தி அனுப்புகிறது. விரலை எடுக்கும்போது இன்னொன்று. முதல் செய்தி போய்ச் சேர்ந்து இரண்டாவது வழியில் தொலைந்துவிட்டால், விரல் இன்னும் விசைமேல் இருப்பதாகவே கம்ப்யூட்டர் நினைக்கும். அழுத்திப் பிடித்த விசைக்கு என்ன செய்யுமோ அதைச் செய்யும். கீபோர்டு கெட்டுப்போய்விட்டது என்று பலரும் முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான். கெட்டது கீபோர்டு இல்லை, தகவல் போன வழி.

கம்ப்யூட்டரை ஏன் அடுத்த அறைக்குத் துரத்த வேண்டும் என்று கேட்கலாம். ஃபேன் இரைச்சல் ஒரு காரணம். ஒலிப்பதிவுக் கூடங்களில் இரையும் கருவிகளை எல்லாம் ‘மெஷின் ரூம்’ என்று தனியறையில் பூட்டிவிட்டு, கீபோர்டும் திரையும் மட்டும் மிக்சிங் மேசைக்கு வருவது பழைய வழக்கம். வெப்பம் இன்னொன்று. கேம் ஆடும் கம்ப்யூட்டர் 400, 500 வாட் இழுத்தால், அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் அறைக்குள் வரும். மே மாதத்தில் அந்தப் பெட்டியோடு ஒரே அறையில் உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, 10 மீட்டர் என்பது பொய்யா? பொய் இல்லை. தடுப்பே இல்லாத வெட்டவெளியில் அளந்த கணக்கு அது. அந்தக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

இன்றைய ஒயர்லெஸ் கீபோர்டு, மவுஸ் ஏறக்குறைய எல்லாமே 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ரேடியோ அலைகளில்தான் பேசுகின்றன. சுருக்கமாக 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பார்கள். அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். தொழிற்சாலை, ஆய்வுக்கூடம், மருத்துவமனைக் கருவிகளுக்காகச் சில அலைவரிசைகளை ஒதுக்கிவைக்கும் வழக்கம் 1947-ல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய சர்வதேச மாநாட்டில் தொடங்கியது. அந்த ஒதுக்கீட்டைச் சேர்ந்ததுதான் இந்தப் பட்டை. இந்தியாவில் குறைந்த சக்திக் கருவிகள் இதை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று 2005-ல் ஆணை வந்தது.

கீபோர்டுக்குள் இருக்கும் ரேடியோ சில்லு அனுப்பும் சக்தி ஏறக்குறைய 1 மில்லிவாட். நார்வேயின் நார்டிக் செமிகண்டக்டர் நிறுவனத்தின் சில்லுகள் எண்ணற்ற ஒயர்லெஸ் மவுஸ்களில் இருக்கின்றன. அவற்றில் பரவலான ஒன்றின் உச்சபட்ச சக்தியே அவ்வளவுதான். அலை கிளம்பி ஒரு மீட்டர் தாண்டுவதற்குள், கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் ரிசீவரின் ஆன்டெனா பிடிக்கக்கூடிய பங்கு பத்தாயிரத்தில் ஒன்றாகிவிடுகிறது. தூரம் இரட்டிப்பானால் சக்தி நான்கில் ஒன்று என்ற விதிப்படி, 10 மீட்டரில் அது இன்னும் நூறு மடங்கு குறையும். மிஞ்சுவது ஒரு வாட்டின் நூறு கோடியில் ஒரு பங்கு.

கேட்கவே பரிதாபமாக இருந்தாலும், ரிசீவருக்கு அது தாராளம். அதே சில்லு விநாடிக்கு 20 லட்சம் பிட் வேகத்தில் இயங்கும்போது ஒரு வாட்டின் லட்சம் கோடியில் ஆறு பங்கு இருந்தாலே செய்தியைப் படித்துவிடும். ஆக, வெட்டவெளியில் 10 மீட்டரில் தேவையைவிட நூற்றறுபது மடங்கு கூடுதல் சக்தி கையில் இருக்கிறது. சுவர்களுக்குச் செலவழிக்க இருப்பது இந்த உபரி மட்டும்தான்.

செலவு எவ்வளவு? ஜிப்சம் பலகைத் தடுப்பு ஏறக்குறைய பாதியை விழுங்கும். செங்கல் சுவர் நான்கில் ஒன்றிலிருந்து பத்தில் ஒன்றுவரைதான் விட்டுவைக்கும். காங்கிரீட் என்றால் நூறில் ஒன்று மிஞ்சினால் பெரிய விஷயம். அமெரிக்க மரவீட்டில் மூன்று அறை தாண்டி வேலைசெய்த கீபோர்டு நம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் திணறுவதற்குக் காரணம் இதுதான். அதோடு நம் வீடுகளில் சில உபரி வில்லங்கங்கள் உண்டு. தூணும் சுவரும் சேரும் இடத்தில் விரிசல் விடாமலிருக்கப் பூச்சுக்குள் கோழிவலை வைத்துப் பூசுவார்கள். வலையின் கண் 12.5 சென்டிமீட்டரைவிட மிகச் சிறியது என்பதால் அந்த அலைக்கு அது ஏறக்குறைய முழுத் தகடு. சுவரோடு ஒட்டி நிற்கும் இரும்பு பீரோ உண்மையிலேயே முழுத் தகடு. அதில் பதித்த ஆளுயரக் கண்ணாடிக்குப் பின்னால் பூசிய உலோகமும் தன் பங்குக்குத் தடுக்கும்.

இத்தனையும் தாண்டி அலை வந்து சேர்கிறது என்றால் பெரும்பாலும் திறந்த கதவு வழியாகத்தான். சுவரிலும் தரையிலும் மோதித் திரும்பி, பல வழிகளில் வரும் அலைகள் ரிசீவரிடம் ஒன்றுகூடுகின்றன. ஒன்றின் மேடும் மற்றதன் பள்ளமும் சந்தித்தால் இரண்டும் கழிந்துபோகும். இப்படிக் கழியும் இடங்களுக்கு நடுவே உள்ள தூரம் அரை அலைநீளம், அதாவது சுமார் 6 சென்டிமீட்டர். மடியில் இருக்கும்போது செத்துக் கிடக்கும் கீபோர்டை இரண்டு விரற்கடை தள்ளி வைத்தால் உயிர் வருவது அதனால்தான். கதவைச் சாத்தினால் கோளாறு, யாராவது குறுக்கே நடந்தால் கோளாறு என்ற புகார்களுக்கும் இதுவே விடை. மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். இந்த அலைகளை அது நன்றாகவே உறிஞ்சிக்கொள்ளும்.

சக்தியைக் கூட்டினால் என்ன? பேட்டரி தாங்காது. ஒன்றிரண்டு பென்டார்ச் பேட்டரியில் மாதக்கணக்கில், சில மாடல்கள் வருடக்கணக்கில் ஓட வேண்டும் என்பதுதான் இந்தக் கருவிகளின் வடிவமைப்பில் முதல் நிபந்தனை. கடைகளில் ‘100 மீட்டர் புளூடூத்’ என்று விற்கும் அடாப்டரை வாங்கிச் செருகுவதும் எதிர்பார்த்த பலன் தருவதில்லை. அந்த அடாப்டர் 100 மில்லிவாட்டில் பேசும், உண்மைதான். ஆனால் பேச வேண்டியது கீபோர்டு அல்லவா? அது பழைய 1 மில்லிவாட்டிலேயே பேசிக்கொண்டிருக்கும். அடாப்டரோடு நல்ல ஆன்டெனா வந்திருந்தால் கொஞ்சம் லாபம். அட்டையில் பெரிதாக அச்சிட்ட எண்ணால் லாபம் இல்லை.

சுவரோடு நடந்த இந்தச் சண்டைக்குச் சிறு வரலாறும் உண்டு. ஐபிஎம் 1983-ன் இறுதியில் அறிவித்த பிசிஜூனியர் கம்ப்யூட்டர் ஒயர் இல்லாத கீபோர்டோடு வந்தது. அது அகச்சிவப்பு ஒளியில் இயங்கியது, இன்றைய டிவி ரிமோட் மாதிரி. ஒளி என்பதால் சுவர் இருக்கட்டும், குறுக்கே ஒரு புத்தகம் இருந்தாலே போதும். ஒரே வகுப்பறையில் பல பிசிஜூனியர்கள் இருந்தால் ஒரு கீபோர்டு பக்கத்து மேசைக் கம்ப்யூட்டரில் எழுதத் தொடங்கிவிடும். ஒயர் இல்லை என்று பெருமையாக விற்ற கீபோர்டுக்கு ஐபிஎம்மே தனியாக ஒயர் விற்றது.

பிறகு 27 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ வந்தது. இதன் அலைநீளம் 11 மீட்டர். செங்கல் சுவரெல்லாம் இதற்குப் பொருட்டே இல்லை. அப்படியானால் அடுத்த அறைக்கு இதுவே சிறந்தது என்று தோன்றும். நடந்தது நேர்மாறு: இரண்டு மீட்டர் தாண்டுவதற்கே அந்தக் கருவிகள் திணறின. 11 மீட்டர் அலையைச் சரியாக வீசக் குறைந்தது இரண்டேமுக்கால் மீட்டர் நீள ஆன்டெனா வேண்டும். மவுஸுக்குள் இருந்ததோ சில சென்டிமீட்டர்ச் சுருள். அந்தச் சுருளால் அலையை வீச முடியாமல், தன்னைச் சுற்றி ஒரு காந்தப்புலத்தை மட்டுமே எழுப்ப முடிந்தது. ஆன்டெனாவுக்கு அருகிலுள்ள அந்தப் புலத்தில் தூரம் இரட்டிப்பானால் சக்தி நான்கில் ஒன்று என்ற கணக்கு செல்லாது. 64-ல் ஒன்றாகச் சரியும். சுவரைத் துளைக்கும் அலைக்குப் பெரிய ஆன்டெனா வேண்டும், சின்ன ஆன்டெனாவுக்குப் பொருந்தும் அலை சுவரில் தடுமாறும். கைக்கருவிகளின் ரேடியோவில் இந்த இழுபறி இன்றுவரை தீரவில்லை.

ஆனாலும் இரண்டு மீட்டர் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு 2002-ல் நார்வேயின் ஸ்டாவாங்கர் நகரிலிருந்து வேடிக்கையான செய்தி வந்தது. ஒருவர் தன் ஒயர்லெஸ் கீபோர்டில் தட்டியது, சுமார் 150 மீட்டர் தள்ளி வேறொரு கட்டடத்தில் இருந்த இன்னொருவரின் கம்ப்யூட்டர் திரையில் எழுத்தாக வந்துகொண்டிருந்தது.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். இதுவரை பேசியது சமிக்ஞை எப்படி மெலிகிறது என்பதைப் பற்றி. ஆனால் மெலிந்த சமிக்ஞையே போதும் என்று மேலே கணக்குப் போட்டோமே, பிறகும் ஏன் இத்தனை கோளாறு? ரிசீவர் இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். அதை எங்கே செருகியிருக்கிறோம்? சிபியு பெட்டியின் பின்பக்கம், மேசைக்கடியில், சுவரை ஒட்டி. முன்னால் முழு நீளத்துக்கு இரும்புத் தகடு. அதைவிட மோசம், செருகிய துளைக்குள் எட்டிப்பார்த்தால் பிளாஸ்டிக் நாக்கு நீலநிறத்தில் இருக்கும். அது யுஎஸ்பி 3.0 துளையின் அடையாளம்.

யுஎஸ்பி 3.0 விநாடிக்கு 500 கோடி பிட் வேகத்தில் இயங்குகிறது. ஒன்று, சுழி, ஒன்று, சுழி என்று மாறிமாறி அனுப்பினால் அது விநாடிக்கு 250 கோடி முறை அதிரும் மின்னோட்டம், அதாவது 2.5 கிகாஹெர்ட்ஸ். உண்மையில் பிட்டுகளைக் கலைத்துத்தான் அனுப்புகிறார்கள் என்பதால் இரைச்சல் ஒரே புள்ளியில் குவியாமல், நம் 2.4 பட்டையையும் சேர்த்து அகலமாகப் பரவிக் கசிகிறது. இன்டெல் நிறுவனமே 2012-ல் இதை அளந்து வெளியிட்டது: யுஎஸ்பி 3.0 கருவி வேலைசெய்யும்போது அதன் அருகே 2.4 பட்டையின் இரைச்சல் ஏறக்குறைய 20 டெசிபல், அதாவது நூறு மடங்குவரை, ஏறியது. வடிகட்டலாம் என்றால் அதுவும் முடியாது. நமக்கு வேண்டிய அலைவரிசையிலேயே இரைச்சலும் உட்கார்ந்திருக்கிறது.

நூற்றறுபது மடங்கு உபரி என்று சொன்னது நினைவிருக்கும். நூறு மடங்கு இரைச்சலில் அது ஒன்றரை மடங்காகச் சுருங்கிவிட்டது. இனி ஒரு செங்கல் சுவர் குறுக்கே வந்தாலே கணக்கு முடிந்தது. ஓடுகிற கிரைண்டர் பக்கத்தில் நின்றுகொண்டு, ஹாலில் பேசுவது கேட்கவில்லை என்று ஹாலில் இருப்பவரைக் குறைசொல்வது போன்ற நிலைமை இது. கிரைண்டரைவிட்டு நாம் தள்ளி வந்தால் அவர் முன்போலவே பேசினாலும் கேட்கும்.

ஆகவே கீபோர்டை மாற்றுவதற்குமுன் ரிசீவரை நகர்த்துங்கள். ஒரு சாதாரண யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் போதும். நீலத் துளையிலிருந்து ஒரு மீட்டர் வெளியே கொண்டுவந்து மேசைமேல் வைத்தாலே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது என் கணிப்பு. தீராதவர்கள் கேபிளைக் கதவோரமாக ஓட்டியோ, ஒயரிங் பைப்புக்குள் நுழைத்தோ ரிசீவரை ஹாலுக்கே கொண்டுவந்துவிடலாம். சுவரைக் கடப்பது அப்போது ஒயர். காற்றில் கடக்க வேண்டியது சோபாவிலிருந்து டிவி மேசைவரை உள்ள இரண்டரை மீட்டர் மட்டும். ஒயர்லெஸ் கருவிக்கு வைத்தியமாக ஒயரைச் சொல்வது பலருக்கும் பிடிப்பதில்லை. ஆனால் ஒயரில்லாமல் இருக்க வேண்டியது மடிக்கும் டிவிக்கும் நடுவேதான். அதற்குப் பின்னால் எது ஓடினாலும் யாருக்கு என்ன?

இந்தப் பட்டையில் வேறு சத்தங்களும் உண்டு, ஆனால் அவற்றை அவ்வளவு பொருட்படுத்த வேண்டியதில்லை. வைஃபை ரவுட்டரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் கொஞ்சம் இடம் கிடைக்கும். புளூடூத் தன் அலைவரிசையை விநாடிக்கு 1600 முறைவரை மாற்றி மாற்றித் தாவி, நெரிசலைத் தானே சமாளித்துக்கொள்ளும். (இந்தத் தாவல் உத்திக்கு 1942-லேயே காப்புரிமை வாங்கியவர்களில் ஒருவர் ஹாலிவுட் நடிகை ஹெடி லமார்.) மைக்ரோவேவ் ஓவன் பயமுறுத்தும், 800 வாட் அதே 2.45 கிகாஹெர்ட்ஸில் கொதிக்கிறது. ஆனால் பழைய வகை ஓவனின் மேக்னட்ரான் மின்சாரத்தின் ஒவ்வொரு சுழற்சியிலும் பாதி நேரம் மட்டுமே இயங்கும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சுமார் 10 மில்லிவிநாடி கத்தல், 10 மில்லிவிநாடி அமைதி. மவுஸ் அனுப்பும் செய்தி ஒரு மில்லிவிநாடிகூட நீடிக்காது. பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பு என்ற ஏற்பாடு இருப்பதால், அந்த அமைதியில் பெரும்பாலும் நுழைந்துவிடும்.

கேபிளை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்றால், அங்கே வேறு ஒரு எல்லை காத்திருக்கிறது. யுஎஸ்பி 2.0-வில் ஒரு கேபிள் 5 மீட்டர் வரைதான். செம்புக் கம்பியில் மின்சமிக்ஞை ஒரு மீட்டர் ஓட ஏறக்குறைய 5 நானோவிநாடி ஆகும். கேட்ட கேள்விக்கு இவ்வளவு நேரத்துக்குள் பதில் வர வேண்டும், இல்லையென்றால் எதிர்முனையில் ஆள் இல்லை என்று கம்ப்யூட்டர் முடிவுசெய்துவிடும் என்பது யுஎஸ்பியின் சட்டம். அந்த அவகாசத்தில் ஒவ்வொரு கேபிளுக்கும் விதித்த பங்கு 26 நானோவிநாடி. நடுவில் சின்னச் சில்லு வைத்து ‘ஆக்டிவ்’ என்று விற்கும் கேபிள்கள் உள்ளுக்குள் ஒரு யுஎஸ்பி ஹப்தான். அப்படி ஐந்தை வரிசையாகக் கோத்து 30 மீட்டர் போகலாம். அதற்கும் மேலே, மாடிக்கு மாடி போக வேண்டுமென்றால், நெட்வொர்க் கேபிளில் ஓடும் எக்ஸ்டெண்டர் பெட்டிகள் 50, 100 மீட்டர் வரை கிடைக்கின்றன. வீட்டுக்கு 5 மீட்டரே போதும்.

படத்தைக் கொண்டுவருவதுதான் இதைவிடச் சிரமம். கீபோர்டு விநாடிக்குச் சில பத்து பைட் அனுப்பினால் பெரிது. முழு எச்டி படமோ, விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால், சுருக்காத நிலையில் விநாடிக்கு 300 கோடி பிட். பத்து மீட்டரைத் தாண்டினால் சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் தடுமாறத் தொடங்கும். ஒளியிழை வைத்த கேபிள்தான் வழி. அதில் ஒருமுனை கம்ப்யூட்டருக்கு, மறுமுனை டிவிக்கு என்று குறித்திருக்கும். பைப்புக்குள் இழுக்கும் முன் அதைப் பார்த்துக்கொள்ளாவிட்டால் திரும்ப உருவி எடுக்க வேண்டியதுதான்.

இன்னொரு வழி, டிவி பக்கத்தில் ராஸ்பெர்ரி பை போன்ற சின்னக் கம்ப்யூட்டரை வைத்து, பெரியதன் திரையை வீட்டு நெட்வொர்க் வழியாகச் சுருக்கி வரவழைப்பது. கீபோர்டு அந்தச் சின்னதோடு பேசும். சுவர் பிரச்சினையே எழாது. ஆனால் படத்தைச் சுருக்கி விரிப்பதற்குள் விசைக்கும் திரைக்கும் நடுவே ஒரு சிறு தாமதம் நுழைந்துவிடும். கட்டுரை எழுதுகிறவருக்கு அது தெரியாது. கேம் ஆடுகிற பிள்ளை முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடும்.

ரேடியோ சுவர் தாண்டுகிறது என்றால் நம் சுவரோடு நிற்குமா என்ற கேள்வியும் இருக்கிறது. பழைய 27 மெகாஹெர்ட்ஸ் கீபோர்டுகள் சிலவற்றின் பூட்டு வெறும் ஒரு பைட் சாவி என்று 2007-ல் தெரியவந்தது. 256 சாவிகளைப் போட்டுப் பார்த்தால் ஒன்று திறந்துவிடும். 2.4-க்கு மாறிய பிறகு பலர் கீபோர்டுச் செய்திகளை ஒழுங்காகப் பூட்டினார்கள். ஆனால் மவுஸ் அசைவைத் திருடி யார் என்ன செய்யப்போகிறார்கள் என்று அதைப் பல நிறுவனங்கள் பூட்டாமல் விட்டன. 2016-ல் பாஸ்டீல் என்ற பாதுகாப்பு நிறுவனம் அந்தத் திறந்த வழியிலேயே நுழைந்து காட்டியது: நான்தான் உன் மவுஸ் என்று ரிசீவரிடம் சொல்லிக்கொண்டு, மவுஸின் பெயரிலேயே கீபோர்டு எழுத்துகளை அனுப்பினார்கள். ரிசீவர் நம்பியது. நல்ல ஆன்டெனா இருந்தால் 100 மீட்டர் தூரத்திலிருந்தும் இது முடியும் என்றார்கள். நம் கீபோர்டு பக்கத்து அறைக்கே எட்டாதபோது அவர்களுக்கு மட்டும் எப்படி எட்டும்? அவர்கள் பேட்டரியைப் பற்றிக் கவலைப்படாமல் சக்தியைக் கூட்டலாம், ஆன்டெனாவை நேராகத் திருப்பிப் பிடிக்கலாம். மடியில் இருக்கும் கீபோர்டால் இரண்டும் ஆகாது.

மவுஸ்ஜாக் என்று பெயர் பெற்ற இந்த ஓட்டைக்குச் சில நிறுவனங்கள் திருத்தம் வெளியிட்டன. ஆனால் கம்ப்யூட்டரின் மற்ற மென்பொருள்களைப் போல ரிசீவர் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. நிறுவனத்தின் மென்பொருளை இறக்கி நாமாகச் செய்தால்தான் உண்டு. சில மாடல்களின் சில்லில் எழுதியதை மாற்றவே முடியாது. அந்தக் காலத்து ரிசீவர் இன்னும் செருகியிருந்தால், திருத்தம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் தூக்கிப்போடுவது நல்லது. வங்கி வேலைக்கு மட்டுமாவது, ஹாலுக்கு இழுத்துவந்த அதே எக்ஸ்டென்ஷன் கேபிளின் நுனியில் ரிசீவரைக் கழற்றிவிட்டு, ஒயர் உள்ள சாதாரண கீபோர்டு ஒன்றைச் செருகிக்கொள்ளலாம்.